கப்பல் கொழுக்கட்டையும் காலித் தட்டும்

தனசேகரன் உயிரோடு, அதுவும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே அவனுக்குப் படையல் போட்ட வீடு ஒன்று ரங்கூன் பசுந்தாங்கில் இருக்கிறது. போட்டது வேறு யாருமில்லை, அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா சத்யபாமாதான். அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. போலந்து நாட்டு வழக்கத்தை, நடுக்கடலிலிருந்து விட்டுவிட்டுக் கேட்கும் போனில் கற்றுக்கொண்டு, ரங்கூனில் நாலாம் மாடி வீட்டில் செய்துபார்த்தால் அப்படித்தான் ஆகும்.

சேகர் கப்பல்காரன். முதன்முதலில் ஏறியது ஒரு சரக்குக் கப்பல். வேலை மெஸ்மேன். அதாவது, சமையல்காரர் சமைத்ததை மேசைக்குக் கொண்டுபோய் வைப்பது, தின்று முடித்த தட்டுகளைக் கழுவுவது, தரையைத் துடைப்பது. சமையல்காரர் யானுஷ் என்ற போலந்துக்காரர். மலை மாதிரி ஆள். கோபம் வந்தால் கரண்டி பறக்கும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மட்டும் அவர் யார்மீதும் கோபப்பட மாட்டார். அன்றைக்கு அவர்கள் ஊரில் இறைச்சி தின்ன மாட்டார்களாம். உருளைக்கிழங்கையும் பால்கட்டியையும் மசித்து, மாவு வட்டத்துக்குள் வைத்து, பிறைச் சந்திரன் மாதிரி மடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, வெங்காயம் வதக்கிய வெண்ணெயில் புரட்டித் தின்பார்களாம். பெயர் பியரோகி. வீட்டில் என்றால் குடும்பமே சுற்றி உட்கார்ந்து செய்யும். கப்பலில் குடும்பத்துக்கு எங்கே போவது? கையில் எண்ணெய்க் கறையோடு நின்ற மெஷின்காரர் முதல் மெஸ்மேன் வரை எல்லாரையும் மேசையில் உட்காரவைத்தார் யானுஷ்.

சேகர் கையில் ஒரு வட்டத்தைக் கொடுத்து மடிக்கச் சொன்னார். சேகர் மடித்தான். மடித்ததோடு விடாமல், ஓரத்தைக் கட்டைவிரலால் சின்னச் சின்னதாகத் திருப்பித் திருப்பி, கயிறு முறுக்கின மாதிரி ஒரு கரை போட்டான். அது அவன் தனியாகக் கற்ற வித்தை ஒன்றுமில்லை. அவன் அம்மா தீபாவளிக்குத் தெருவெல்லாம் ஆர்டர் எடுத்துச் சோமாசி சுட்ட காலத்தில், ஓரம் மடிப்பதுதான் சேகருக்கு விதித்த வேலை. எண்ணெய்ப் பக்கம் வந்தால் சுட்டுக்கொள்வான், மாவுப் பக்கம் போனால் கொட்டிவிடுவான் என்று அவனை ஒரு மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். ஆனால் யானுஷுக்கு அது தெரியுமா? அதைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். காப்டனைக் கூப்பிட்டுக் காட்டினார். “நீ இதை மட்டும் செய். வேறு எதையும் தொடாதே” என்று அவன் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தக் கப்பலில் மூன்று டிசம்பர் போயிற்று. மூன்றிலும் சேகர் மாவைப் பிசையவில்லை, பூரணத்தைக் கிளறவில்லை, அடுப்புப் பக்கமே போகவில்லை. அப்புறம் மெஷின் ரூமுக்கு மாறி ஆயிலர் ஆகிவிட்டான். ஆனால் வீட்டுக்குப் போன் போட்டபோது அவன் சொன்னது என்னவென்றால், “அக்கா, கிறிஸ்துமஸுக்குக் கப்பல்ல நான் போலந்துக் கொழுக்கட்டை செஞ்சேன். காப்டனே எழுந்து வந்து பாத்தாரு.” இதில் பொய் ஒரு வார்த்தைகூட இல்லை. வாக்கியத்தைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டான், அவ்வளவுதான்.

சத்யபாமா தையல்காரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஆனால் அவள் வெட்டிய ரவிக்கையில் நூல் அளவு பிசகு கண்டுபிடித்தவர் பசுந்தாங்கில் கிடையாது. தம்பிக்குத் தெரிந்த ஒரு வேலை தனக்குத் தெரியாமல் இருப்பதா? “வெள்ளக்காரன் காப்டனே எழுந்து வந்து பாத்தானாம்!” என்று துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரு வாரம் சொன்னாள். பிறகு வழி கேட்டாள். டிசம்பர் இருபத்தைந்து இங்கே எல்லாருக்கும் லீவு. மார்கழி மாதம், வீட்டில் கறிமீன் கிடையாது. இறைச்சி சேராத பண்டம் வேறு. சாமியே பார்த்து ஒதுக்கிக் கொடுத்த நாள் மாதிரி இருந்தது அவளுக்கு.

போனில் சேகர் வாய்க்கு வந்ததைச் சொன்னான். முதல் வருஷம் மாவு செருப்புத் தோல் மாதிரி வந்தது. இரண்டாம் வருஷம் பானைக்குள்ளேயே கரைந்தது. “தம்பி சொன்னதை நான்தான் சரியா காதுல வாங்கல” என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டு, மூன்றாம் வருஷம் தானாகவே பிடித்துவிட்டாள். வெந்நீர் விட்டுப் பிசைய வேண்டும். ஒரு கரண்டி எண்ணெய். ஈரத்துணி போர்த்தி, ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கிற நேரம் மாவைத் தூங்கவிட வேண்டும். டின்பால் டப்பாவால் வட்டம் வெட்ட வேண்டும். ஊரில் இல்லாத பால்கட்டிக்குப் பதில், பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். உருளைக்கிழங்கு மசிப்பது அவள் புருஷன் அப்பாசாமியின் பொறுப்பு. அவர் ஆரம்பத்தில் ஒன்றைத் தின்றுபார்த்துவிட்டு, “இதுக்குப் பச்சமிளகா ஊறுகா இருந்தா நல்லா இருக்கும்” என்றார். அன்றிலிருந்து மிளகாயும் சேர்ந்துகொண்டது. யானுஷ் பார்த்தால் கரண்டி பறந்திருக்கும். வீட்டில் யாருக்கும் பியரோகி என்று வாயில் வரவில்லை. கப்பல் கொழுக்கட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி அந்தப் படையல் விஷயம். ஒரு வருஷம் சேகர் போனில், “அக்கா, அன்னிக்கு ஒரு தட்டு கூட வெக்கணும். வீட்ல இல்லாதவங்களுக்கு...” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. அக்காவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் இல்லாதவன் யார்? சேகர். சரி, தட்டு வைத்தாள். வெறும் தட்டு மட்டும் இருந்தால் என்னவோ போல இருக்கிறதே என்று, அதில் நாலு கொழுக்கட்டையை வைத்து, சுவரில் மாட்டியிருந்த அவன் படத்தை இறக்கிப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள். அவள் மகள் நீநீ அப்போது சின்னப் பிள்ளை. மாமா படம் அழகாக இருக்கட்டும் என்று ஒரு முழம் மல்லிகையைப் படத்துக்குப் போட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அப்பாசாமி ஒரு விளக்கைக் கொண்டுவந்து, காற்றுப்படாத இடமாகப் பார்த்து, படத்துக்கு முன்னால் வைத்தார்.

எதிர்வீட்டுக் கரீமா மெழுகுவத்தி கேட்டுக் கதவைத் திறந்தாள். படம். பூ. விளக்கு. இலை வைக்காத குறையாகத் தட்டில் கொழுக்கட்டை. “யா அல்லா, சேகரு!” என்று கத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தண்ணீர் தெளித்து நிமிர்த்தி உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள், அவள் கத்தின சத்தம் மாடிப்படி வழியாகக் கீழே இறங்கிவிட்டது. மறுநாள் அது பஸ் ஏறித் தாமுவே பேட்டைக்குப் போயிற்று. ஒரு வாரம் வரை துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் காதிலும் அக்கா போனை வைத்து, “பேசுங்க, அவன்தான் பேசுறான்” என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இருந்தும் அக்கா வழக்கத்தை விடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து பூவும் விளக்கும் மட்டும் கிடையாது. தட்டும் படமும் உண்டு.

இந்த வருஷம் சேகர் வீட்டில் இருந்தான். ஒரு கப்பல் இறங்கியாயிற்று, அடுத்தது பிப்ரவரியில் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. “இந்தத் தடவ உனக்கு ஒருத்தியக் கட்டிவெக்காம கப்பலேற விடமாட்டேன்” என்று அக்கா சபதம் போட்டு, தாமுவேயில் தமிழரசி என்ற பெண்ணைப் பார்த்துவைத்திருந்தாள். தமிழரசி கணக்கு டியூஷன் எடுக்கிறவள். பிள்ளைகளுக்கு அவள் சயாமா, பர்மியத்தில் டீச்சரம்மா; அப்படிக் கூப்பிட்டாலே பாதிப் பேருக்கு வாய்ப்பாடு மறந்துபோகுமாம். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதாவது ஒரு கேள்வி கேட்டுத் திருப்பியனுப்பியவள் என்று பேர்.

பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பா சேகரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: “உங்க வீட்ல கப்பல்ல போய் ஒருத்தர் தவறிட்டாராமே? அண்ணனா, தம்பியா?”

சேகர் சொன்னான்: “அது நான்தாங்க.”

தமிழரசி சிரித்ததை அன்று முதல்முறையாக அவள் அப்பாவே பார்த்தார் என்று கேள்வி. அந்தச் சிரிப்பில் சேகருக்குத் தலை கொஞ்சம் சுற்றிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். யானுஷ் கதையை எடுத்தான். கப்பலில் நூற்றுக்கணக்கில் கொழுக்கட்டை, காப்டன் எழுந்து வந்தது, வீட்டில் எல்லாருக்கும் தானே கற்றுக்கொடுத்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தமிழரசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பதிலை வருஷம் முடியறதுக்குள்ள சொல்றேன், டோ சத்யா” என்று பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் டோ போட்டு அக்காவிடம் மரியாதையாகச் சொன்னாள். கதவு வரைக்கும் வந்தபோது சேகரைப் பார்த்து, “இருபத்தஞ்சாந் தேதி எனக்கும் லீவுதான்” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சேகர் நாலு ராத்திரி தூங்கவில்லை.

“அக்கா, வருவாளா?”

“லீவுன்னு சொன்னா. வர்றேன்னு சொல்லலயே.”

“வந்தா?”

“வந்தா கொழுக்கட்டை தின்னுட்டுப் போவா. போய்ப் படு.”

அவனுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்தது. இந்தத் தமிழரசியிடம் வேண்டாம் என்ற பதில் வாங்கிக்கொண்டு கப்பலேறினால், இந்தத் தடவை கடல் ரொம்பப் பெரிசாக இருக்கும். அதனால் இருபத்தைந்தாம் தேதி காலையில் குளித்து, புது லோஞ்சி கட்டிக்கொண்டு வந்து அறிவித்தான்: “இன்னிக்கு யாரும் கை வெக்கக் கூடாது. எல்லாம் நானே செய்யப்போறேன்.”

அப்பாசாமி தினசரிப் பேப்பரைத் தாழ்த்தினார். “எல்லாமேயா, மச்சான்?”

“எல்லாமே, அத்தான்.”

“அப்ப எனக்கு வீட்லயும் லீவுதான்” என்று அவர் பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

அக்கா பூரித்துப்போனாள். இத்தனை வருஷமாகக் காதால் கேட்டதை இன்றைக்குக் கண்ணால் பார்க்கப்போகிறாள். முக்காலியை இழுத்துப்போட்டு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி எதிரில் உட்கார்ந்தாள். சேகர் மாவைக் கொட்டினான். பச்சைத் தண்ணீரை ஊற்றினான். அக்காவின் புருவம் லேசாக ஏறியது. கப்பலில் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். தண்ணீர் கூடிப்போயிற்று, மாவு போட்டான். மாவு கூடிப்போயிற்று, தண்ணீர் ஊற்றினான். இரண்டு முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. அதைத் தூங்கவிடவில்லை. அப்படியே தேய்த்தான். ஜன்னல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிசாக வந்தது. அரைகுறையாக மசித்த உருளைக்கிழங்கைப் பூரணமென்று வைத்து மடித்தான்.

அங்கேதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. ஓரம் வந்ததும் தம்பியின் விரல்கள் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டன. கட்டைவிரல் போவதும் திரும்புவதும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு பிறைக்குக் கரை முடிந்து அடுத்தது கையில் வந்துவிட்டது. தையல் மெஷின்கூட அவ்வளவு சீராக ஓடாது.

“ஹா, மாமா, லா டே!” என்றாள் நீநீ. அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது பர்மியம்தான். அழகாக இருக்கிறது என்று அர்த்தம். போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

கரண்ட் இல்லாத நேரம். கரி அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சேகர் முதல் பத்தைப் போட்டான். எல்லாரும் பானையைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெள்ளையானது. அப்புறம் கஞ்சியானது. அக்கா கரண்டியை விட்டுத் துழாவினாள். கரண்டியில் வந்தது ஒரு ஓரம். அழகான, முறுக்குக் கயிறு மாதிரியான, துளிகூடப் பிரியாத ஓரம். அதை ஒட்டியிருக்க வேண்டிய கொழுக்கட்டையைக் காணோம். இன்னொரு தடவை விட்டாள். இன்னொரு ஓரம்.

“கரை மட்டும் கெட்டி” என்றார் அப்பாசாமி. “சேலையத்தான் காணோம்.”

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். வெட்டுத்துணியில் எங்கே தப்பு நடந்தது என்று தேடுகிற பார்வை. பச்சைத் தண்ணீர், தூங்காத மாவு, ஓரத்தில் மட்டும் ஓடின விரல் எல்லாம் அவள் மனதில் வரிசையாக வந்து நின்றன. அவள் வாயைத் திறப்பதற்குள் பால்கனியில் மணி அடித்தது.

ரங்கூன் மாடிவீடுகளில் அது ஒரு வசதி. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், மேல் நுனியில் மணி இருக்கும். கீழே வந்தவர் இழுத்தால் மேலே அடிக்கும். கேட் சாவியை அதே கயிற்றில் கட்டி இறக்குவார்கள். நீநீ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, கிசுகிசுத்தாள்: “சயாமா!”

அக்கா எழுந்தாள். எல்லாருக்கும் அங்கே தெரிந்தது, தையல்காரி தன் தம்பியை ஒட்டுப்போடத் தீர்மானித்துவிட்டாள் என்று.

“நீநீ, சாவிய மெதுவா இறக்கு. ரொம்ப மெதுவா. ஏங்க, அந்தப் பானையத் தூக்கிக் கரீமா வீட்ல வைங்க. தம்பி, கையக் கழுவு, உக்காரு.” சொல்லிக்கொண்டே தையல் மெஷினுக்கு அடியில் கைவிட்டு, ஈரத்துணி போர்த்திய ஒரு பாத்திரத்தை எடுத்தாள். விடிகாலையிலேயே பிசைந்து, எதற்கும் இருக்கட்டும் என்று மறைத்துவைத்த மாவு. பக்கத்தில், இன்னொரு கிண்ணத்தில் பூரணம்.

“அக்கா...” என்றான் சேகர்.

“பேசாத. இது நீ பிசைஞ்சது.”

நாலு மாடி ஏறி வந்தும் தமிழரசிக்கு மூச்சு வாங்கவில்லை. கையில் ஷான் ஆரஞ்சு ஒரு பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர்வீட்டுக் கதவு வழியாக அப்பாசாமி ஆவி பறக்கிற பானையோடு மறைவதை ஒரு கணம் பார்த்தாள். நேரே வந்து சேகருக்கு எதிரில் பாயில் உட்கார்ந்தாள்.

“இந்த மாவு நீங்க பிசைஞ்சதா?”

“ஆமா” என்றாள் அக்கா.

“அவரைக் கேட்டேன், டோ சத்யா.”

சேகர் ஒரு வட்டத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

“உப்பு எவ்வளவு போட்டீங்க?”

அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். தமிழரசியின் முதுகுக்குப் பின்னால் நின்ற அக்கா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“ரெண்டு” என்றான்.

“ரெண்டு என்ன?”

அக்கா கரண்டி பிடிப்பதுபோல் காற்றில் ஒரு கையசைப்புச் செய்தாள். எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் அது முழுசாகத் தெரிந்தது. டியூஷன் எடுக்கிறவளுக்கு முதுகுக்குப் பின்னால் யார் யாருக்கு விடை சொல்லித்தருகிறார்கள் என்று தெரியாதா? தமிழரசி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “வெந்நீரா, பச்சத் தண்ணியா?”

அக்கா வாயைக் குவித்து ஆவி ஊதிக் காட்டினாள். நீநீயால் முடியவில்லை. போனோடு உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

சேகர் கையிலிருந்த பிறையைத் தட்டில் வைத்தான். “எனக்குத் தெரியாது” என்றான். “மாவு அக்கா. பூரணமும் அக்கா. உருளக்கெழங்கு எப்பவும் அத்தான். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.” கட்டைவிரலைக் காட்டினான். “கப்பல்லயும் அதேதான். யானுஷ் வேற எதையும் தொடவே விடல.”

“மூணு வருஷமுமா?”

“மூணு வருஷமும்.”

“அத ஏன் சொல்லல?”

சேகர் சொன்னான்: “சொல்லலாம்னுதான் பாத்தேன். அக்கா போன்ல அவ்வளவு பெருமையா கேட்டுக்கிட்டிருந்துச்சு. நடுவுல நிறுத்த மனசு வரல.”

அக்கா முந்தானையை உதறி, எங்கேயும் இல்லாத மாவைத் துடைத்தாள். “செருப்புத் தோல் மாதிரி மாவ நான் ஒரு வருஷம் மென்னேன்டா” என்றாள். குரலில் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது.

தமிழரசி ஒரு வட்டத்தை எடுத்துத் தானும் மடித்துப்பார்த்தாள். அது வாயைத் திறந்து பூரணத்தைக் காட்டியது. மறுபடி அழுத்தினாள். வேறு பக்கம் திறந்தது.

“ஓரத்துல பூரணம் பட்டிருக்கு” என்றான் சேகர். “பட்டா ஒட்டாது. தொடச்சிட்டு... ம், இப்ப திருப்புங்க. அப்படியில்ல. விரலைச் சாய்ச்சு.”

“இப்பவா?”

“பரவால்ல. கப்பல் காப்டன் செஞ்சது இதவிட மோசம்.”

அவள் அடுத்ததை எடுத்தாள். அதற்கு அடுத்ததும். காப்டனைவிடத் தேவலை என்பது தனக்குப் போதாது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அக்கா தேய்த்துப் போட, இருவரும் மடித்துக்கொண்டேயிருந்தார்கள். அப்பாசாமி கழுவின பானையோடு திரும்பிவந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அடுப்பை விசிறப் போய்விட்டார். இந்தத் தடவை பானைக்குள் போனது முழுசாகத் திரும்பி வந்தது.

அக்கா தட்டுகளை எடுத்துப் பரப்பினாள். தனக்கு, புருஷனுக்கு, மகளுக்கு, தம்பிக்கு. அப்புறம் கை பழக்கத்தில் இன்னொன்றையும் வைத்துவிட்டு, சுவரில் இருந்த படத்தை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். தம்பி படத்தில் இல்லை, பாயில் உட்கார்ந்திருந்தான்.

“அந்தத் தட்டு யாருக்கு?” என்று தமிழரசி கேட்டாள்.

“அது சேகரு தட்டு” என்றாள் அக்கா. “அதாவது, அவன் இல்லாதப்ப அவனுக்கு.”

சேகர் நிமிர்ந்தான். “எனக்கா? அக்கா, அது எனக்கில்லக்கா. அன்னிக்குப் போன்ல நான் சொல்லி முடிக்கல. வீட்ல இல்லாதவங்கன்னா, கூப்பிடாம வர்றவங்க. அன்னிக்கு ராத்திரி யாராவது கதவத் தட்டினா, இடமில்லன்னு சொல்லக்கூடாது. அதுக்காக ஒரு தட்டு. யானுஷ் அம்மா அப்படித்தான் வெப்பாங்களாம்.”

அக்கா அவனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப இத்தன வருஷமா?”

“இத்தன வருஷமா மச்சானுக்கு வருஷாந்திரத் திவசம் குடுத்திருக்கோம்” என்றார் அப்பாசாமி. “தவறாம. உருளக்கெழங்கு மசிச்சது நான்.”

அக்காவே சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பு அடங்கும்போது தமிழரசி எழுந்து வந்து, அந்த ஐந்தாவது தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை என்பது எல்லாருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்கா அவசரமாக உள்ளே போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து ஓரமாக வைத்தாள். விதி என்றால் விதி, இன்னொருத்தர் வந்தால்?

வெங்காயம் மணக்க மணக்கக் கொழுக்கட்டை வந்தது. தமிழரசி ஒன்றைத் தின்றாள். ஊறுகாய் மிளகாயைக் கடித்துக்கொண்டு இன்னொன்றைத் தின்றாள். சேகர் தட்டில் இருந்தது ஆறிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு” என்றாள்.

அப்பாசாமி மெல்லுவதை நிறுத்தினார்.

“பிப்ரவரில ஏறினா, எப்ப இறங்குவீங்க?”

“ஒம்பது மாசம்னு எழுதியிருக்கும்” என்றான் சேகர். “ஆனா சொன்ன தேதிக்கு இறக்கமாட்டாங்க. மாத்து ஆள் வரணும்.”

“அடுத்த டிசம்பர் இருபத்தஞ்சுக்கு?”

அக்கா கண்ணால் கெஞ்சினாள். வந்துவிடுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடியில் அதுவும் தெரிந்தது. சேகர் அக்காவைப் பார்க்கவில்லை.

“அனேகமா கப்பல்லதான் இருப்பேன்” என்றான். “வந்துருவேன்னு சொன்னா அது பொய்.”

தமிழரசி தலையை ஆட்டினாள். கணக்கு சரி என்று பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரி ஒரு சின்னத் தலையாட்டல். தட்டில் மிச்சமிருந்ததைத் தின்று முடித்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, அடுத்த வருஷம் இவரு தட்ட நானே வெக்கிறேன். வர்றவங்க தட்டு தனியா இருக்கட்டும். ஆனா இந்தப் போட்டோ மட்டும் வேணாம்.”

அதுவரை டோ சத்யாவாக இருந்தவள் அண்ணியானதை, அக்கா ஒரு கொழுக்கட்டையை முழுங்கின பிறகுதான் உணர்ந்தாள். அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அப்பாசாமி முதுகில் தட்டினார்.

“போட்டோ வேணாம், சரி” என்றார் அவர். “பூ?”

“பூ எனக்குக் குடுங்க.”

அந்த நேரத்தில் கதவு திறந்தது. கரீமா. காலையில் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்த பானையில் என்னதான் இருந்தது என்று தெரியாமல் அவளுக்கு உட்காரவே முடியவில்லையாம். உள்ளே ஓரமாக ஒரு தட்டு காலியாக இருப்பதைப் பார்த்ததும் அவள் கால் தானாக நின்றது. முகம் வெளுத்தது. சுற்றிலும் ஒவ்வொருத்தராக எண்ணினாள். சேகர் இருக்கிறான். அப்பாசாமி இருக்கிறார். நீநீ இருக்கிறாள்.

“யாருக்குங்கக்கா?” என்றாள்.

“உனக்குத்தான்டி” என்றாள் சத்யபாமா. “உக்காரு. ஆறிப்போவுது.”